ஒனர்ஸ் எடுக்கவா, விடவா? வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்

ஒட்டுசுட்டான் பிள்ளை:
அண்ணாமார், அக்காமார், யாராவது உடனே சொல்லுங்கள். நாங்கள் வந்து எட்டு மாதம். கம்பஸில் கொம்பியூட்டர் சயன்ஸ், முதலாம் வருடம் முடியப் போகிறது. புள்ளி நல்லது, ஒனர்ஸ் என்ற சிறப்புப் பிரிவில் சேருங்கள் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். பின்னேரங்களில் கடையில் வேலை செய்கிறேன், அப்பாவுக்கு இன்னும் நிரந்தர வேலை இல்லை. இரண்டு நாளாக நித்திரை இல்லை.

லண்டன், ஊர் மாங்குளம்:
யோசிக்காமல் எடுங்கள் தங்கச்சி. 360 கிரெடிட்டும் கடைசி வருடப் புரொஜெக்டும் முடித்தால்தான் ஒனர்ஸ். 300உடன் நின்றால் வெறும் பட்டம், அதை வைத்து வேலை தேடுவது கஷ்டம். நான் வந்த முதல் குளிர்காலத்தில் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. விடிய பஸ் ஏறி நேரே வகுப்புக்குப் போவேன். ஒரு நாள் நித்திரையாகி, கடைசித் தரிப்பிடத்தில் டிரைவர்தான் எழுப்பினார். அன்றைக்குப் பரீட்சை. இன்றைக்கும் அந்தக் காலைக் குளிர் நினைவில் இருக்கிறது.

மெல்பேண், ஊர் முழங்காவில்:
அவசரப்பட வேண்டாம். ஒனர்ஸ் என்பது மூன்று வருடம் முடித்த பிறகு இன்னுமொரு வருடம், பெரும்பகுதி ஆய்வு. முதலாம் வருடத்திலேயே எப்படிக் கேட்கிறார்கள்?

ஸ்காபரோ (கனடா), ஊர் கிளிநொச்சி:
இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. நான்கு வருடம் படித்தால் ஒனர்ஸ், விட்டால் மூன்று வருடப் பட்டம். நான் 2009இல் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து உயர்தரப் பரீட்சை (ஏ.எல்) எழுதியவன். அந்தப் பெறுபேற்றை மொழிபெயர்த்துக் கொடுத்தும் இங்கே ஒரு கல்லூரியில் ஐந்து மாதம் இழுத்தடித்தார்கள். அவ்வளவு நாளும் பேஸ்மென்ட் அறையில் காத்திருந்தேன்.

லண்டன், ஊர் மாங்குளம்:
பட்டம் எடுத்தும் என்ன, என் மகன் வேலைக்கு எழுதிப் போட்டு அலுத்துவிட்டான். வாடகை வேறு.

ஸ்காபரோ, ஊர் கிளிநொச்சி:
வாடகையைப் பற்றிப் பேசவே வேண்டாம் அண்ணா.

நியூ ஜேர்சி, ஊர் புதுக்குடியிருப்பு:
பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறாள் என்று ஒருவரும் கேட்கவில்லையே. தங்கச்சி, எங்கே இருக்கிறீர்கள்? காசு உதவி ஏதும் உண்டா? வேலை எத்தனை மணித்தியாலம்?

ஒட்டுசுட்டான் பிள்ளை:
மன்னியுங்கள் அக்கா. அமெரிக்கா. அப்பாவுக்கு கிறீன் காட் லொத்தர் விழுந்தது. புலமைப்பரிசில் இருக்கிறது, புள்ளிச் சராசரி (ஜி.பி.ஏ) 3.5க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். கடையில் கிழமைக்கு 28 மணித்தியாலம். ஏ.எல்லில் கணிதப் பிரிவு.

நியூ ஜேர்சி, ஊர் புதுக்குடியிருப்பு:
அண்ணாமார் சொன்னது அந்தந்த நாட்டுக்குச் சரி. இங்கே ஒனர்ஸ் எடுத்தாலும் விட்டாலும் அதே நான்கு வருடப் பட்டம்தான். கூடுதலாகச் சில கடினமான வகுப்புகள், பெரும்பாலும் முடிவில் ஓர் ஆய்வேடு. பி.எச்.டி ஆசை இருந்தால் அந்த ஆய்வேடு பெரிய உதவி, உங்களை நன்றாக அறிந்த ஒரு பேராசிரியர் கடிதம் தருவார். நேரே வேலைக்குப் போவதென்றால் படிக்கும்போதே செய்யும் பயிற்சி வேலைக்குத்தான் (இன்டர்ன்ஷிப்) மதிப்பு அதிகம்.

எனக்குப் பயம் உங்கள் புலமைப்பரிசிலை நினைத்துத்தான். ஒனர்ஸ் வகுப்புகளில் புரோகிராம் எழுதுவதோடு கணித நிறுவல்களும் நிறைய வரும். ஏ.எல் இணைந்த கணிதத்தில் தொகுத்தறிவு முறையால் நிறுவிப் பழகியிருப்பீர்கள், அது கைகொடுக்கும். ஆனால் ஒரு கணக்கோடு இரவு முழுக்க இருக்க வேண்டி வரும், 28 மணித்தியால வேலையோடு அது ஏலாது.

நாளைக்கே கம்பஸில் உங்கள் படிப்பு ஆலோசகரிடம் (அட்வைசர்) நேரில் போங்கள். இடையில் விலகினால் சாதாரண பட்டத்துக்கு அந்த வகுப்புகள் கணக்கில் வருமா என்று கேளுங்கள். எந்தத் திகதிக்குள் வகுப்பை விட்டால் பெறுபேற்றுத்தாளில் ஒன்றும் விழாது என்பதையும் எழுதி வாங்குங்கள். அப்புறம், ஒரு தவணையில் 12 கிரெடிட்டுக்குக் கீழே இறங்கிவிட வேண்டாம், முழுநேர மாணவி என்ற கணக்குப் போய்விடும், உதவிக் காசும் குறையும்.

வேலையை 15 மணித்தியாலம் ஆக்க வீட்டில் இடமிருந்தால் சேருங்கள். இல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு ஒரே ஒரு ஒனர்ஸ் வகுப்பு மட்டும் எடுக்க விடுவார்களா என்று கேளுங்கள். அட்வைசர் சொன்னதை இங்கே எழுதுங்கள், வியாழன் இரவு நான் விழித்திருப்பேன்.