14 நொடி வீடியோ: அந்த இடது மூலைப் புள்ளியை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போவீர்கள்?

கோணமானி:
பக்கத்து இழையில் இருட்டுக்கண் பகிர்ந்த வீடியோவுக்கு "அறிவியலால் விளக்க முடியாத ஒளி" என்று பட்டமும் கட்டியாயிற்று. அவர் சொல்வது இதுதான்: வெள்ளை ஒளி 4 நொடி நகர்கிறது, 8 நொடி அப்படியே நிற்கிறது, பெருத்துப் பிரகாசமாகி 2 நொடியில் அணைகிறது. நேரம் இரவு 11.52. "அந்நேரம் செயற்கைக்கோள் எல்லாம் பூமியின் நிழலுக்குள் போயிருக்கும், விமானம் அந்தரத்தில் நிற்காது, ஆகவே..."

அந்த "ஆகவே"தான் தாங்க முடியவில்லை. 400 கி.மீ. உயரத்தில் ஓடும் விண்வெளி நிலையம் தலைக்கு நேர் மேலே இருந்தால், சூரியன் அடிவானத்துக்குக் கீழே சுமார் 20 டிகிரி இறங்கும்வரை அதன்மேல் வெயில் படும். 550 கி.மீ. என்றால் 23 டிகிரி. இது உச்சிக்கான கணக்கு. சூரியன் இருக்கும் பக்கம் அடிவானத்தை ஒட்டிப் பார்த்தால், சூரியன் 40 டிகிரி கீழே போன பிறகும் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் பளிச்சிடும். 35,786 கி.மீ. உயரத்தில் பூமியின் சுழற்சியோடு ஒத்து ஓடி ஒரே இடத்துக்கு மேலே நிற்கும் புவிநிலைச் செயற்கைக்கோள்களோ வருடத்தின் பெரும்பாலான இரவுகளில் நிழலைத் தொடுவதே இல்லை. "எல்லாம் நிழலுக்குள்" என்பது எங்கிருந்து வந்தது?

அடுத்தது, நின்றது ஒளியா, போனைப் பிடித்த கையா? ஃபிரேமில் கூரை விளிம்பு இல்லை, மரக்கிளை இல்லை, கம்பம் இல்லை. கரிய வானத்தில் ஒற்றைப் புள்ளி. அதை வைத்து நகர்ந்தது, நின்றது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இருட்டுக்கண்:
வீடியோவை முழுசா பார்த்தீங்களா? இடது கீழ் மூலையில மங்கலா ஒரு புள்ளி இருக்கு. அது விண்மீன். ஒளி நகரும்போது அது நகரலை. அப்போ கை அசையலைன்னுதானே அர்த்தம்?

கோணமானி:
பார்த்தேன். ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்தும் பார்த்தேன். 30 ஃபிரேம் வேகத்தில் 14 நொடிக்கு 420 படம். அத்தனையிலும் அந்தப் புள்ளி ஒரே பிக்சலில் ஆணி அடித்தாற்போல் இருக்கிறது. கையில் பிடித்த போனில் எந்த விண்மீனும் அப்படி நிற்காது. நிமிடத்துக்கு எழுபது முறை துடிக்கிற உடம்பு ஐயா, கை ஆடத்தான் செய்யும். அது ஹாட் பிக்சல். சென்சாரில் கெட்டுப்போன ஒரு புள்ளி. கை திரும்பியபோது ஒளி ஃபிரேமில் ஓடியது, ஹாட் பிக்சல் ஓடவில்லை. கதை முடிந்தது.

திறந்தஷட்டர்:
முடியவில்லை. போன் வீடியோவில் ஆட்டத்தைச் சரிசெய்யும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் இயல்பாகவே போட்டிருக்கும். சென்சாரின் ஓரங்களை வெட்டி, அந்த வெட்டுச் சட்டத்தைக் கை ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் நகர்த்துவதுதான் அதன் வேலை. ஹாட் பிக்சல் சென்சாரோடு ஒட்டியது. ஆகவே வெளியே வரும் வீடியோவில் அதுதான் ஆடும், காட்சி நிலையாக இருக்கும். உங்கள் "ஆணி அடித்த" ஹாட் பிக்சல் எந்தப் போனில் வரும் என்று சொல்லுங்கள்.

கோணமானி:
எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் அணைத்து, ஆப்டிகல் மட்டும் இயங்கும் போனில் வரும். அங்கே அசைவது லென்ஸ், பிக்சல் கட்டம் அப்படியே இருக்கும். இதுகூடத் தெரியாமல் ஷட்டரைத் திறந்து வைத்து என்ன பயன்?

திறந்தஷட்டர்:
எந்தப் போன் என்றே தெரியாத வீடியோவுக்கு உங்களுக்குச் சாதகமான செட்டிங்கை நீங்களே போட்டுக்கொள்கிறீர்கள். சரி, ஹாட் பிக்சல் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒரு சாயல் தூக்கலாகத் தெரியும். சென்சாரில் ஒவ்வொரு செல்லும் ஒரு நிறத்தை மட்டும் பதியும் பேயர் கட்டத்தில் ஒரே நிறச் செல்தானே கெட்டிருக்கும்? இது சாம்பல்.

கோணமானி:
வீடியோ அமுக்கத்தில் நிறத் தகவல் கால்வாசிதான் மிஞ்சும். சாயல் கரைந்து சாம்பலாகும். அடுத்த கேள்வி?

நிழல்கூம்பு:
ரெண்டு பேரும் புள்ளியைக் கட்டிக்கிட்டு அழுறீங்க. நார்வேயில ஹெஸ்டாலன் பள்ளத்தாக்குல தெரியுற மர்ம ஒளிகளை 1984 குளிர்காலத்திலேயே ரேடார், காந்தமானியெல்லாம் வச்சுப் பார்த்தாங்க. 1998 முதல் தானியங்கி நிலையமே இருக்கு. இன்னும் எல்லாத்துக்கும் விடை வரலை. இதுவும் அந்த வகையா இருக்கக் கூடாதா? இல்லேன்னா இரிடியம் செயற்கைக்கோள் வெயில் பட்டுப் பளிச்சிடுமே, அந்த இரிடியம் ஃபிளேர்?

கோணமானி:
இரிடியமா! 780 கி.மீ.யில் இருந்த பழைய இரிடியம் கோள்களின் கதவளவு ஆண்டெனாக்கள்தான் அந்தப் பளிச்சிடலைக் கொடுத்தன. 2017 முதல் 2019க்குள் புதிய தலைமுறை அனுப்பி, பழையவற்றில் பெரும்பாலானதை இறக்கிவிட்டார்கள். மிச்சம் உள்ளவை கட்டுப்பாடில்லாமல் உருளும் செத்த கோள்கள். அட்டவணை போட்டு மின்னும் காலம் போய்விட்டது. ஹெஸ்டாலனில் பல கருவிகள், பல கண்கள், பல ஆண்டுகள். இங்கே இருப்பது ஃபார்வர்டு ஆன ஒரு வீடியோ. டெக்சஸின் மார்ஃபா ஊருக்குப் பக்கத்தில் தெரியும் ஒளிகளையும் இப்படித்தான் மர்மம் என்றார்கள். 2004இல் மாணவர் குழு ஒன்று நெடுஞ்சாலை 67இன் போக்குவரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, தாங்கள் கண்டவை கார் முகப்பு விளக்குகள் என்று காட்டியது.

போன வருஷம் அடிவானத்துச் சிரியஸ் விண்மீன் நிறம் மாறி மின்னியதை "சுழலும் தட்டு" என்று வாதாடியதும் இதே நிழல்கூம்புதான் என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

நிழல்கூம்பு:
அதை இன்னும் விடலையா நீங்க? நான் கேள்விதான் கேட்டேன், வாதாடலை.

இருட்டுக்கண்:
சரி, கை ஆடுச்சுன்னே வச்சுக்குவோம். அப்போ பெருத்து அணைஞ்சது? அதுவும் கை ஆடியதா?

கோணமானி:
பெருத்தது ஆட்டோஃபோகஸ். இருட்டில் பிடிமானம் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் தேடும், புள்ளி வட்டாக உப்பும். ஓரம் கூர்மையாகவும் நடு தட்டையாகவும் இருந்தால் அது ஃபோகஸ் போன வட்டு. உண்மையிலேயே பிரகாசம் கூடினால் நடு வெளுத்து ஓரம் கரையும். உங்கள் வீடியோவில் 12ஆம் நொடி ஓரம் வெட்டினாற்போல் இருக்கிறது.

அணைந்ததற்கு விமானம் போதும். தரையிறங்கும் விளக்கு குறுகிய கற்றை. விமானம் நம்மை நோக்கித் திரும்பினால் நகர்ச்சை தெரியாது, விளக்கு மட்டும் பிரகாசமாகும். கற்றை விலகியதும் அணைந்தது போலிருக்கும். 30 கி.மீ. தள்ளி இருந்தால் சத்தம் வந்து சேரவே ஒன்றரை நிமிடம், வந்தாலும் காதில் விழாது.

இருட்டுக்கண்:
விமானம் எங்கே பறக்குதுன்னு காட்டுற ஃபிளைட்ரேடாரில அந்த நேரத்துக்கு ஒண்ணுமே இல்லை. பார்த்துட்டுத்தான் போட்டேன்.

கோணமானி:
பழைய பறப்புகளை ஓட்டிப் பார்க்கும் பக்கம் நம் நேரத்தில் அல்ல, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். மாற்றினீர்களா? விமானம் தன் இடத்தை ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி சிக்னல் நேர்க்கோட்டில் பாய்வது, பக்கத்தில் ரிசீவர் இல்லையென்றால் தாழப் பறப்பது பதிவாகாது. ராணுவ விமானங்கள் பல நேரம் ஒலிபரப்பவே செய்யாது. "ஃபிளைட்ரேடாரில் இல்லை" என்றால் ஃபிளைட்ரேடாரில் இல்லை, அவ்வளவுதான்.

அது போகட்டும், 11.52 எங்கிருந்து கிடைத்தது?

இருட்டுக்கண்:
வாட்ஸ்அப்பில வந்த நேரம். எடுத்த உடனே அனுப்பினதா சொன்னாங்க.

திறந்தஷட்டர்:
அடடா. வாட்ஸ்அப் கோப்பா? இவ்வளவு நேரம் அதைச் சொல்லவே இல்லையே. அகலம் பார்த்தேன், 848 பிக்சல். அப்படியானால் புள்ளி நின்றதற்கு ஹாட் பிக்சலும் காரணமில்லை, விண்மீனும் காரணமில்லை. அமுக்கும்போது கறுப்புப் பகுதியில் மாற்றம் சொற்பமாக இருந்தால் என்கோடர் (வீடியோவை அமுக்கும் நிரல்) முந்தைய ஃபிரேமின் கட்டத்தையே "மாற்றமில்லை" என்று நகலெடுத்துவிடும். மங்கல் புள்ளி அடுத்த கீஃபிரேம் வரை, அதாவது நகலெடுக்காமல் முழுசாகப் பதியும் அடுத்த படம் வரை, உறைந்து நிற்கும். கோணமானி அளந்தது சென்சாரை அல்ல, என்கோடரை.

கோணமானி:
கீஃபிரேமிலும் அதே இடம்தான். எடுத்துப் பாருங்கள்.

திறந்தஷட்டர்:
எத்தனை கீஃபிரேம்?

கோணமானி:
மூன்று.

திறந்தஷட்டர்:
மூன்றை வைத்துத்தான் 420 படம் என்று முழங்கினீர்களா!

கோணமானி:
மூன்று போதும். அசல் கோப்பு வந்தால் சோதனை ரொம்ப எளிது: நின்றதாகச் சொல்லும் 8 நொடியை மட்டும் எடுத்து, ஒளியையும் புள்ளியையும் ஃபிரேம்தோறும் அளக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் ஒரே அளவு நடுங்கினால் விண்மீன். ஒளி நடுங்கிப் புள்ளி நடுங்காவிட்டால் ஹாட் பிக்சல். எதிர் எதிர்ப்பக்கம் நடுங்கினால் லென்ஸுக்குள் நடக்கும் பிரதிபலிப்பு, ஒளிக்கு ஃபிரேம் மையத்தின் மறுபக்கம் விழுவது. என்ன வரும் என்பது எனக்கு இப்போதே தெரியும்.

நிற்பதாகவே இருந்தாலும் செயற்கைக்கோளை ஒதுக்க முடியாது. விண்வெளி நிலையம் உச்சியில் நொடிக்கு 1.1 டிகிரி ஓடும். அதுவே 10 டிகிரி உயரத்தில் நேராக நம்மை நோக்கி ஏறி வந்தால் நொடிக்கு 0.1 டிகிரிதான். 8 நொடியில் ஒரு டிகிரிகூட ஆகாது, நீட்டிய கையின் சுண்டுவிரல் அகலத்துக்குள் அடங்கும். இந்த 848 பிக்சல் பிரதியில் அது பத்துப் பதினைந்து பிக்சல்.

நிழல்கூம்பு:
அப்போ விமானமா, செயற்கைக்கோளா? ஒண்ணைச் சொல்லுங்க. மாத்தி மாத்திப் பேசுறது யாரு?

கோணமானி:
எதுவென்று சொல்லத் தேவையே இல்லை. விளக்க முடியாதது என்றவர்தான் ஒவ்வொன்றாக ஒதுக்கிக் காட்ட வேண்டும்.

அரைமதி:
அடுத்த முறை எடுப்பவர்களுக்காக: போனைச் சுவரில் சாய்த்து, ஃபோகஸைத் தொலைவில் பூட்டி, ஏதாவது ஒரு கட்டட ஓரத்தை ஃபிரேமுக்குள் வையுங்கள். 1 கி.மீ. தள்ளி இருக்கும் இன்னொருவர் அதே நொடியில் எடுத்து, விண்மீன் பின்னணியில் ஒளி 2 டிகிரி தள்ளித் தெரிந்தால் தொலைவு சுமார் 29 கி.மீ. லென்ஸுக்கு முன் மி.மீ.க்கு 100 கோடு கிரேட்டிங் (ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் நுண்கோட்டுத் தகடு) ஒட்டினால் நிறமாலையும் கிடைக்கும்: வெள்ளை எல்இடி 450 நானோமீட்டரில் நீல முனையும் அதற்குப் பின் மஞ்சள் மேடும் காட்டும்.

திறந்தஷட்டர்:
100 கோடு போனுக்கு ஆகாது. 400 முதல் 700 நானோமீட்டர் வரை 1.7 டிகிரிக்குள் சுருங்கும், ஐம்பது பிக்சலில் என்ன தெரியும்? 500 கோடு போடுங்கள், 9 டிகிரிக்கு விரியும்.

கோணமானி:
500 கோட்டில் வெளிச்சம் அவ்வளவு தூரம் பரவி மங்கிவிடும், இந்த மாதிரி ஒளிக்கு ஒன்றும் பதிவாகாது. கிரேட்டிங் கதையெல்லாம் தனி இழையில் பேசுங்கள். இங்கே கேள்வி அந்தப் புள்ளி. அது ஹாட் பிக்சல்.

இருட்டுக்கண்:
எடுத்தவங்ககிட்ட அசல் கேட்டிருக்கேன். வர்ற வரைக்கும் அது விண்மீன்தான்.

திறந்தஷட்டர்:
வீடியோவாக அனுப்பச் சொல்லாதீர்கள், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் மறுபடி நசுக்கித்தான் தரும்.

கோணமானி:
அதை நான் முதலிலேயே சொன்னேன்.

திறந்தஷட்டர்:
எங்கே? எந்தப் பதிவில்?