பெக் பூசியும் பிளேட்லெட் ஒட்டுகிறது, எங்கே தவறுகிறேன்?

ஈரப்படலம்:
இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் ஒட்டாமல் இருக்க, பாலிஈதர் வகைப் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலத்தின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால், அதாவது பெக், வேதிப்பிணைப்பில் ஏற்றியிருக்கிறேன். தண்ணீர்த் துளியின் தொடுகோணம் 80 டிகிரியிலிருந்து 45-க்கு இறங்கியது, அதாவது பரப்பு முன்பைவிட நன்றாக நனைகிறது; எக்ஸ்ரே பாய்ச்சிப் பரப்பில் என்ன தனிமங்கள் என்று பார்க்கும் எக்ஸ்பிஎஸ்ஸில் 286.5 எலக்ட்ரான் வோல்ட்டில் ஈதர் கார்பன் உச்சியும் தெளிவாக வருகிறது. ஆனால் பிளேட்லெட் நிறைந்த பிளாஸ்மாவில் (இரத்தத்தின் திரவப் பகுதி) ஒரு மணி நேரம் வைத்து எடுத்து எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாகக் கைகால் நீட்டிப் பரப்போடு அப்பிக் கிடக்கின்றன. மூன்று முறை செய்தும் இதே கதை.

நுண்கண்:
அந்த ஈதர் உச்சியை வைத்து முடிவு கட்டாதீர்கள். உங்கள் பாலியூரித்தேன் சங்கிலியில் நெகிழ்வான மென்பகுதியே ஈதர்தான், பூச்சு இல்லாமலும் அதே இடத்தில் உச்சி வரும். நைட்ரஜனைப் பாருங்கள். பெக்கில் நைட்ரஜன் கிடையாது, பூசாத படலத்தோடு ஒப்பிட்டால் அது குறைந்திருக்க வேண்டும். அப்புறம் 102 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் சிலிக்கான் தெரிகிறதா? சிலிக்கோன் எண்ணெய் எங்கிருந்தாவது வந்து மேலே படிந்துவிடும், பிளாஸ்டிக் பையில் வைத்த மாதிரிகளில் எனக்கே நடந்திருக்கிறது.

உறையாமை:
இன்னொன்று. எக்ஸ்பிஎஸ் வெற்றிடத்தில் உலர்ந்த பரப்பைப் பார்க்கிறது, அதுவும் மேலே 10 நானோமீட்டருக்குள். இரத்தம் தொடுவது நனைந்த பரப்பை. பாலியூரித்தேனில் சங்கிலிகள் காற்றில் ஒரு மாதிரியும் தண்ணீரில் ஒரு மாதிரியும் திரும்பிக்கொள்ளும், அதனால் மாதிரியை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, நீருக்குள்ளேயே காற்றுக் குமிழை அடியில் நிறுத்தித் தொடுகோணம் எடுங்கள். அந்த எண்ணைத்தான் நான் நம்புவேன்.

பிளாஸ்மாவை ஊற்றும்போது படலம் காய்ந்திருந்ததா? காற்றும் திரவமும் சேரும் எல்லையிலேயே புரதம் உருக்குலையும். முதலில் பஃபரில் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) நனைத்து, குமிழ் இல்லாமல் பிளாஸ்மாவை மாற்றுங்கள். இரத்தம் உறைய உதவும் புரதமான ஃபைப்ரினோஜன் எவ்வளவு ஒட்டியது என்று மட்டும் அளந்தாலும் போதாது. கொஞ்சமாக ஒட்டினாலும் விரிந்து படுத்துவிட்டால் பிளேட்லெட் அதைப் பிடித்துக்கொள்ளும்.

ஈரப்படலம்:
பழைய தரவைத் திறந்து பார்த்தேன். நைட்ரஜன் அப்படியே இருக்கிறது, சிலிக்கானும் சின்னதாக இருக்கிறது! தொடுகோணம் இறங்கியதைப் பார்த்து அதை நான் கவனிக்கவே இல்லை. பூச்சு திட்டுத்திட்டாகத்தான் ஏறியிருக்க வேண்டும். கழுவிய கண்ணாடிக் குடுவையில் வைத்து மறுபடி பூசுகிறேன், ஊறவைத்த தொடுகோணத்தோடு வருகிறேன்.

நுண்கண்:
சரி, பூசாத படலத்தையும் அதே குடுவையில், அதே நாள் வையுங்கள்.