புரொக்ஸ்மொக்ஸுக்கு எந்த பக்கப் பிளக்-இன் நல்லது?

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

கொக்குவிலில ஒரு சின்ன நிறுவனத்தின்ர சேர்வர்களைப் பார்க்கிறன். ஒரே சேர்வரில கன மெய்நிகர் கணினிகளை (விஎம்) ஓட்ட முந்தி விஎம்வேர் மென்பொருள்தான் பாவிச்சனாங்கள். 2023 நவம்பரில பிராட்கொம் விஎம்வேரை வாங்கினாப் பிறகு லைசன்ஸ் எங்களுக்குக் கட்டுப்படியாகேல்லை, அதே வேலையைச் செய்யிற புரொக்ஸ்மொக்ஸுக்கு மாறிட்டம். இப்ப பக்கப்புக்கு எதை வைக்கிறது எண்டுதான் யோசனை.

ஒண்டு, புரொக்ஸ்மொக்ஸ் ஆக்களின்ரயே பக்கப் மென்பொருளான புரொக்ஸ்மொக்ஸ் பக்கப் சேர்வர். அதை ஸ்டோரேஜாச் சேர்த்தாப் போதும், புரொக்ஸ்மொக்ஸ் திரையிலேயே பக்கப், றீஸ்டோர் எல்லாம் வரும். எனக்கு அது பெரிய விஷயம். நான் லீவில நிண்டாலும் ஒஃபிஸ் பொடியன் தானே றீஸ்டோர் செய்யவேணும். ஆனா டிஸ்கில மாறின புளொக்குகளை (துண்டுகளை) குறிச்சு வைக்கிற பிற்மப் எண்ட பட்டியல், விஎம் நிண்டு எழும்பினால் இல்லாமப் போயிடும். அனுப்புறது மாறின துண்டுகளை மட்டும்தான் எண்டாலும், அடுத்த பக்கப் முழு டிஸ்கையும் திரும்ப வாசிக்கும். கரண்ட் அடிக்கடி போய்வாற இடத்தில, பழைய ஹார்ட் டிஸ்குகளோட இது விடியும் வரைக்கும் இழுக்கும்.

மற்றது வீம், வேறொரு நிறுவனத்தின்ர பக்கப் மென்பொருள். அது 2024இல இருந்து புரொக்ஸ்மொக்ஸுக்கும் வேலை செய்யுது. கொம்யூனிட்டி எடிஷனில 10 விஎம் வரைக்கும் இலவசம், எங்களுக்கு அது காணும். ஆனா அதின்ர பிளக்-இன் வீம் சேர்வரிலதான் ஏறும். எல்லாத்தையும் வீம் கொன்சோலில போய்த்தான் செய்யவேணும். பக்கப் வேலையைச் செய்யிற வேர்க்கர் எண்ட உதவி விஎம்முக்கும் றாம் ஒதுக்கவேணும், எங்களிட்ட மிச்சம் குறைவு.

என்ர மனம் முதலாவதிலதான் நிக்குது. இரண்டையும் பாவிச்ச ஆக்கள் ஆரும் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கோ: எஸ்கியூஎல் டேட்டாபேஸ் இருக்கிற விண்டோஸ் விஎம்மை முழுசா றீஸ்டோர் செய்து பார்த்தனீங்களோ? கொழும்பில இன்னொரு பக்கப் சேர்வருக்கு ஃபைபர் லைனில இரவிரவா சிங்க் பண்ணினால் விடிய முதல் முடியுதோ?