பின்கால் இல்லாத நாற்காலி கட்டடக் கலைஞர்கள் வேலையா?

கேள்வி: ஸ்டீல் குழாயை வளைத்து, பின்கால் இல்லாமல் செய்கிற நாற்காலியைக் கொண்டுவந்தது கட்டடக் கலைஞர்களாமே, நிஜமா?

பதில் 1: நிஜம்தான். டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம் 1926-ல் கேஸ் பைப்பையும் எல்போவையும் (மூலையில் குழாய்களை இணைக்கும் துண்டு) மாட்டித்தான் முதல் மாதிரியைச் செய்தார். அதில் துள்ளலே இல்லை. 1927 ஸ்டுட்கார்ட் வைசன்ஹோஃப் குடியிருப்புக் கண்காட்சியில் ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ முன்பக்கத்தை அரைவட்டமாக வளைத்தார், நாற்காலி ஸ்பிரிங்காக அசைந்தது. தூணில்லாமல் நீட்டும் பால்கனியின் கணக்கேதான்.

பதில் 2: பாரம் முழுக்க அந்த வளைவில்தான். நீங்களே செய்வதானால், குழாயைக் காய்ச்சி வளைத்தால் துள்ளல் போய்விடும். குழாய்க்குள் காய்ந்த மணலை இறுக்கி அடைத்து, சூடாக்காமல் வளையுங்கள். மணல் தளர்ந்தால் உள்பக்கம் மடங்கும். வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் 3 மடங்குக்குக் குறையக் கூடாது.

கேள்வி: 25 மி.மீ. குழாய்க்கு ஆரம் 75 மி.மீ.யா? வெல்டிங் தையல் உள்ள குழாய் பரவாயில்லையா?

பதில் 2: ஆமாம், குழாயின் மையக்கோட்டில் அளந்து 75. தையல் பக்கவாட்டில் இருக்கட்டும். வெளிவளைவில் வந்தால் பிளக்கும்.