ஹாரிஸ் பருந்துக்கு இரை வளர்க்க எது தோது? சுண்டெலியா, காடையா?

சிப்புட்_தம்பி:
வணக்கம் அண்ணன்மாரே, சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) அனுமதியோடு ஓர் ஆண் ஹாரிஸ் பருந்து வாங்கி மூன்று மாதமாகிறது. எடை 640 கிராம், கையுறைக்கு நன்றாக வருகிறான். பிரச்சினை சாப்பாடுதான். இவ்வளவு நாள் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் கழிக்கிற ஆண் குஞ்சுகளை மொத்தமாக வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்துக் கொடுத்தேன், போன மாதம் அவர்கள் தருவதை நிறுத்திவிட்டார்கள். பாசாரில் வாங்கிய கோழிக்கறியைப் போட்டால் இறகும் ரோமமும் இல்லாததால் செரிக்காததைத் திரட்டிக் காலையில் உருண்டையாகக் கக்குவதே இல்லை. எனக்கு இருப்பது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, பின்னால் பத்துக்கு ஆறடியில் ஒரு தகரக் கொட்டகை. சுண்டெலி வளர்க்கலாம் என்றால் அம்மா "பிள்ளையார் வாகனத்தை வளர்த்துக் கொல்லப் போறியா"ன்னு கேட்கிறார். சரி, செம்பனைத் தோட்டத்தில் பொறி வைத்தால் எலி சும்மாவே கிடைக்குமே, அதைக் கொடுக்கலாமா?

பழைய_மண்டோர்:
தம்பி, தோட்டத்து எலியைத் தொடவே தொடாதே. எலிமருந்து தின்ற எலி அன்றைக்கே சாகாது, நாலைந்து நாள் நடமாடிக்கொண்டுதான் இருக்கும், பொறியில் விழும்போது பார்க்க நல்ல எலியாகத்தான் தெரியும். வயிற்றில் இருக்கிற மருந்து பருந்துக்குப் போய் உள்ளேயே ரத்தம் கசிந்து செத்துவிடும். நான் வேலை பார்த்த தோட்டத்தில் எலியைப் பிடிக்கட்டும் என்று கூகைக்கு மரப்பெட்டி கட்டி வைத்திருந்தோம், வார்ஃபரின் என்ற பழைய எலிமருந்து போட்ட காலத்தில் குஞ்சுகள் இருந்தன, புரோடிஃபாகும் என்ற இன்னும் கடுமையான மருந்து வந்த பிறகு பெட்டிகள் காலியாகிவிட்டன. எலி மூத்திரத்தில் உனக்கும் காய்ச்சல் வரும், அது தனிக்கதை.

பந்திங்_எலிக்காரன்:
சத்தில் சுண்டெலியை அடிக்க ஒன்றுமில்லை. ரோமம், எலும்பு, ஈரல் எல்லாம் சேர்ந்தே வருகிறது. சினை மூன்று வாரம், பால் மறக்க இன்னொரு மூன்று வாரம், ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண். ஆனால் கணக்குப் போட்டுப் பார்: வளர்ந்தது ஒன்று 25 கிராம், உன் பையன் ஒரு நாளைக்கு 60, 70 கிராம் தின்பான், அப்படியென்றால் மாதத்துக்கு எழுபது எண்பது சுண்டெலி. மதிய வெயிலில் தகரத்தடியில் அதுவே செத்துப் போகும். நாற்றத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடமே கேட்டுக்கொள். முயல், கினிப்பன்றியெல்லாம் இந்த இடத்துக்குச் சரிப்படாது.

பஹாவ்_காடை:
காடைதான், யோசிக்காதே. எட்டு பெட்டை, இரண்டு சேவல் போதும். ஆறு ஏழு வாரத்தில் முட்டையிட ஆரம்பிக்கும். நம் ஊரில் பகல் பன்னிரண்டு மணி நேரம்தான், முட்டைக்கு அந்த வெளிச்சம் போதாது, அதனால் ராத்திரி ஒன்பது மணி வரை ஒரு பல்பு எரியட்டும். கூண்டுக் காடை அடைகாக்காது, அதனால் இன்குபேட்டர் வேண்டும், 17, 18 நாளில் பொரித்துவிடும். மாதம் முப்பது முட்டை வைத்தால் இருபது குஞ்சு தேறும். நாளைக்கு அரைக் காடை என்றால் பதினைந்து போதும், மிச்சம் கையிருப்பு.

நான் பட்டதைச் சொல்கிறேன். குஞ்சு கட்டைவிரல் அளவுதான் இருக்கும், தண்ணீர்த் தட்டில் விழுந்தே முதல் தடவை ஒன்பது போயிற்று. இப்போது தட்டு நிறையக் கோலிக்குண்டு போட்டு, அதன் இடுக்கில்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். எறும்பு இன்னும் மோசம், கூண்டுக் கால்களைப் பழைய எண்ணெய் ஊற்றிய பால் டின்னில் நிறுத்து. கூண்டு உயரமாக வேண்டாம், காடை பயந்தால் நேரே மேலே எகிறி மண்டையை உடைத்துக்கொள்ளும். கம்பி வலை அரை அங்குலத்துக்கு மேல் போனால் பாம்பு உள்ளே வந்து தின்றுவிட்டு, வயிறு பெருத்து வெளியேற முடியாமல் உட்கார்ந்திருக்கும், காலையில் கதவைத் திறக்கிறவன் நீதான். அப்புறம் புறா மட்டும் கொடுக்காதே, நான் ஒருமுறை கொடுத்து, பறவையின் வாய்க்குள் மஞ்சளாகத் தயிர்க்கட்டி மாதிரி படிந்து, மருந்து வாங்கவே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேன்.

சிப்புட்_தம்பி:
நன்றி அண்ணே. காடை என்றதும் அம்மா முட்டைக்காகவே சம்மதித்துவிட்டார், ஆனால் வெள்ளிக்கிழமை வீட்டில் அறுக்கக் கூடாதாம்.

பஹாவ்_காடை:
வியாழக்கிழமையே அறுத்து ஐஸில் வை. அம்மாவின் ஐஸ்பெட்டியில் இல்லை, பழசு ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள். ஐஸ் முழுக்க விட்ட பிறகு கொடு. எங்கள் வீட்டில் பெட்டி ஒன்றாக இருந்தபோது தீபாவளிக்கு முதல் நாள் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத முடியாது.