பீட்சா அடுப்பு கட்டப் போகிறோம், அடிப்பக்கம் வேகாத தொல்லை வராமல் எதை வாங்குவது?

கடலோர வீடு:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உம்லாங்காவில் இருக்கிறோம். பின்கட்டில் பிராய் போடும் (தணலில் இறைச்சி சுடும்) இடத்துக்குப் பக்கத்தில், சுவரோடு சேர்த்து நிரந்தரமாக ஒரு பீட்சா அடுப்பு கட்டலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. மின்வெட்டுக் காலத்தில் மின்சார அவனை நம்பி மாவு பிசைந்து வைத்து ஏமாந்த நாட்கள் நிறைய. அதனால் விறகோ கேஸோ, இரண்டில் ஒன்று.

ஆனால் ஒரு பயம். நாத்தனார் வீடு டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில். போன வருடம் கொத்தனாரை வைத்து ஆசையாகக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். முதல் பீட்சா நன்றாக வந்தது. இரண்டாவது சுமார். மூன்றாவதின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், மேலே சீஸ் கொப்பளித்துக் கருகத் தொடங்கிவிட்டது, அடியில் மாவு வெள்ளையாக அப்படியே இருக்கிறது, விரலில் ஒட்டுகிறது. பிள்ளைகள் மேல்பக்கத்தை மட்டும் சுரண்டித் தின்றார்கள். நாத்தனார் முகம் வாடிப்போனது. எனக்கே கஷ்டமாக இருந்தது.

எங்களுக்கு மூன்று வழி சொல்கிறார்கள். செங்கல்லால் டோம் (கவிழ்த்த கிண்ணம் போன்ற கூடு) கட்டுவது, அச்சில் வார்த்த டோமைத் துண்டுகளாக வாங்கிப் பொருத்துவது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டியாக வாங்கி மேடையில் பதிப்பது. வீட்டில் ஆறு பேர், மாதம் இரண்டு தடவை பற்றவைப்போம். மேடைக்கு இன்னும் ஸ்லாப் போடவில்லை. புரட்டாசி முடிந்ததும் தொடங்கி டிசம்பர் விடுமுறைக்குள் முடிக்க ஆசை. எது சரி?

செங்கல் சூளை:
அக்கா, ஸ்லாப் போடவில்லை என்றீர்களே, அதுதான் நல்ல சேதி. எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் நாத்தனாரிடம் ஒன்று கேளுங்கள். மூன்று மணி நேரம் தீ எரிந்த பிறகு, விறகு அடுக்கும் கீழ் மாடத்துக்குள் கையை விட்டு ஸ்லாப்பின் அடிப்பக்கத்தைத் தொட்டால் சுடுகிறதா?

கடலோர வீடு:
இப்போதுதான் போன் போட்டேன். நன்றாகச் சுடுமாம். கீழே அடுக்கிய விறகே வெதுவெதுப்பாகிவிடுமாம். விறகு காயட்டும், நல்லதுதானே என்று இருந்திருக்கிறார்கள்.

செங்கல் சூளை:
அங்கேதான் சூடு போகிறது. தீச்செங்கல்லை, அதாவது சூடு தாங்கும் செங்கல்லை, நேராகக் கான்கிரீட் மேல் பதித்திருப்பார்கள். பீட்சாவின் அடி வேக வேண்டுமானால் அதை வைக்கிற செங்கல் தளம் கிட்டத்தட்ட 400 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். தளத்துக்கு ஏறுகிற சூட்டைக் கீழே உள்ள கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதல் பீட்சா வைக்கும்போது மேற்பரப்பில் சூடு இருக்கும். ஈர மாவு அதை எடுத்துக்கொண்டதும் கீழிருந்து திரும்பி ஏற ஒன்றும் மிச்சம் இருக்காது. தீயும் டோமும் மேலிருந்து காய்ந்துகொண்டே இருப்பதால் சீஸ் மட்டும் கருகும்.

ஸ்லாப்புக்கும் தீச்செங்கல்லுக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் ஓர் அடுக்கு கட்டாயம் வேண்டும். 50 மில்லிமீட்டர் கால்சியம் சிலிகேட் பலகை போடலாம். இல்லையென்றால் 5 பங்கு வெர்மிகுலைட்டுக்கு 1 பங்கு சிமெண்ட் கலந்து 100 மில்லி கனத்துக்குப் போடலாம். வெர்மிகுலைட் இந்த நாட்டுச் சரக்குதான், லிம்போபோவில் ஃபாலபோர்வாவில் தோண்டி எடுக்கிறார்கள். செடி வளர்ப்பவர்கள் தொட்டியில் போடுவதும் அதுவேதான். டோமுக்கு மேலே 25 மில்லி செராமிக் கம்பளி இரண்டு சுற்று, அதன்மேல் பூச்சு. கம்பளியை வெட்டும்போது முகமூடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கொத்தனார் சாதாரண சிமெண்ட் சாந்து போதும் என்பார். போதாது. 300 டிகிரியைத் தாண்டினாலே அது வலுவிழந்து உதிரத் தொடங்கும். தீச்செங்கல்லுக்கு என்றே விற்கிற சாந்து வாங்குங்கள். அல்லது மணல் 3, சிமெண்ட் 1, சுண்ணாம்பு 1, தீக்களிமண் 1 என்று கலக்கச் சொல்லுங்கள்.

போறணைக்காரன்:
தங்கச்சி, நான் யாழ்ப்பாணத்தில் பேக்கரிப் போறணையில் வேலை செய்தவன். போறணை என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனதுதான். இரவு முழுக்க விறகு எரித்து, தணலை வாரி வெளியே எடுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்த பிறகுதான் பாண் (ரொட்டி) உள்ளே போகும். சுவர் அவ்வளவு தடிப்பாக இருந்தால்தான் விடியும்வரை சூடு நிற்கும்.

உங்களுக்கு அந்தத் தடிப்புத் தேவையில்லை. தினமும் எரிக்கிற அடுப்புக்குத் தடித்த செங்கல் டோம் சரி. மாதம் இரண்டு தடவை என்றால் ஒவ்வொரு முறையும் ஆறிக் குளிர்ந்த கல்லை இரண்டு மணி நேரத்துக்கு மேல் எரித்துச் சூடாக்க வேண்டியிருக்கும். பசியோடு பிள்ளைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள். அடுத்தமுறை பற்றவைக்கவே மனம் வராது. 50 மில்லி கனத்தில் அச்சில் வார்த்த டோம் ஒரு மணி நேரத்தில் தயாராகும். என் வாக்கு அதற்குத்தான். உள் விட்டம் 80 சென்டிமீட்டர் போதும், இரண்டு பீட்சா ஒன்றாக வேகும். ஆசைப்பட்டு ஒரு மீட்டருக்குப் போகாதீர்கள், விறகு தின்றே தீர்த்துவிடும்.

வாங்கும்போது அளவுநாடா கொண்டுபோங்கள். வாயின் உயரம் உள்ளே டோம் உயரத்தில் 63 சதவீதம் அளவில் இருக்க வேண்டும். உள்ளே 40 சென்டிமீட்டர் என்றால் வாய் 25. அதைவிட உயர்ந்தால் சூடு வெளியே ஓடும், தாழ்ந்தால் புகை திரும்பி உங்கள் கண்ணுக்குத்தான் வரும்.

மாரிட்ஸ்பர்க் தம்பி:
கேஸ் பக்கமும் பேச ஒரு ஆள் வேண்டுமே. கேஸ் வைத்தால் சாம்பல் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் புகை இல்லை. ஆனால் நிரந்தரமாகக் குழாய் இழுத்தால், பதிவு பெற்ற ஆள்தான் பொருத்த வேண்டும். அவரிடம் இணக்கச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். வீட்டை விற்கும்போது கேட்பார்கள், காப்பீட்டுக்கும் வேண்டும். இப்போது விறகு, பிறகு கேஸ் என்று நினைத்தால் பர்னருக்கான துளையை இப்போதே விட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

கடலோர வீடு:
எல்லோருக்கும் நன்றி. ஸ்டீல் பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? கடலிலிருந்து நாங்கள் ரொம்ப தூரம் இல்லை. விறகுக்கு எது நல்லது? நாத்தனார் அடுப்பைக் காப்பாற்ற வழி இருக்கிறதா? எனக்கு இதுதான் முதல் கவலை.

செங்கல் சூளை:
உங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு 304 ரக ஸ்டீல் சீக்கிரமே டீக்கறை போலப் பழுப்படிக்கும். 316 கேளுங்கள், புகைக்குழாய்க்கும் அதுவே. அடுப்பின் வாய் தென்மேற்கைப் பார்க்க வேண்டாம். மழையைக் கொண்டுவரும் காற்று அங்கிருந்துதான் அடிக்கும். வராந்தாக் கூரை இருந்தால் குழாய் அதைத் தாண்டி மேலே போகட்டும்.

விறகுக்கு, ஊட்டிப் பக்கம் சீகை மரம் என்பார்களே, அந்த வாட்டில். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே ஆற்றோரமெல்லாம் பரவி நீரைக் குடிக்கிற மரம், வெட்டி எரித்தால் நாட்டுக்கும் நல்லது. நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பச்சை நிறம் ஏற்றிய கம்பங்களின் துண்டை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள். கரையான் அரிக்காமல் இருக்க ஆர்சனிக் ஏற்றிய மரம் அது, சாம்பலும் விஷம்.

நாத்தனார் அடுப்பில் டோம் தளத்துக்கு வெளியே ஸ்லாப் மேல் நிற்கிறதா, தளச் செங்கல் மேலேயே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நின்றால் தளக் கற்களை வாய் வழியாக ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, 25 மில்லி பலகை வைத்து மறுபடி பரப்பலாம். வாயின் உயரம் அந்த அளவுக்குக் குறையும், பரவாயில்லை. அதுவரைக்கும் பீட்சா போடுமுன் தணலைத் தளம் முழுக்க இருபது நிமிடம் பரப்பி, பிறகு ஓரத்துக்குத் தள்ளட்டும். இரண்டு பீட்சாவுக்கு ஒருமுறை இதையே செய்யட்டும். டோமின் உள்பக்கம் படிந்த கரி எரிந்து வெளுக்கும்வரை தொடங்கவே வேண்டாம்.

போறணைக்காரன்:
புதிது கட்டியதும் உடனே பெரிய தீ போடவேண்டாம், தங்கச்சி. உள்ளே ஈரம் இருக்கும், அது ஆவியாகி வெடிப்பு விடும். வெர்மிகுலைட் அடுக்குப் போட்டால் இன்னும் அதிகம், தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். ஒரு வாரம் சும்மா காயவிட்டு, பிறகு ஏழு நாள் சின்னத் தீ. முதல் நாள் 100 டிகிரி, தினமும் கொஞ்சம் கூட்டலாம். டிசம்பர் நடுவில் கட்டிட வேலைக்காரர்கள் எல்லோரும் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், நவம்பரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கடலோர வீடு:
தகவல் சொல்ல வந்தேன். வார்த்த டோம், 80 சென்டிமீட்டர், விறகு, கேஸுக்குத் துளை விட்டு வாங்கியாகிவிட்டது. ஸ்லாப் போட்டாயிற்று, கால்சியம் சிலிகேட் பலகை வந்து வராந்தாவில் பிளாஸ்டிக் சுற்றி இருக்கிறது. மழை நின்றால் இந்த வாரம் வைப்பார்கள்.

நாத்தனார் அடுப்பில் டோம் வெளியேதான் நின்றது. சனிக்கிழமை அவர் கணவரும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து கற்களை எடுத்துப் பலகை வைத்தார்கள். மெதுவாகக் காயவைத்து நேற்று பற்றவைத்தோம். ஆறு பீட்சா. ஆறாவதை நாத்தனாரே திருப்பிக் காட்டினார். அடியெல்லாம் சப்பாத்தியில் விழுவது போலக் கருப்புப் பொட்டு, தட்டினால் சத்தம் வருகிறது. கீழ் மாடத்தில் கையை விட்டுப் பார்த்தேன், ஸ்லாப் குளிர்ந்துதான் இருந்தது.