கொள்ளு, கடலை வேர்முடிச்சிலிருந்து ரைசோபியம் (காத்து நைட்ரஜனைச் செடிக்குச் சேர்த்துத் தர்ற முடிச்சு பாக்டீரியா) பிரிக்கிறப்ப பிளேட்டில் பார்த்தது என்ன? பகிருங்க

கொள்ளுக்காடு (பென்னாகரம்):
பிளேட் முழுக்க அடர் சிவப்பு. கொள்ளு முடிச்சு, ஒய்இஎம் அகார் (ஈஸ்ட், மானிட்டால் போட்ட ஜெல்லி மீடியம்), காங்கோ ரெட் சாயம், இரண்டே நாள். அந்தச் சிவப்பு இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. கொள்ளில் பெரும்பாலும் இருக்கிறது பிராடிரைசோபியம்கிற மெதுவா வளரும் வகை. 28 டிகிரியில் 5 முதல் 7 நாள், சிலது அதுக்கும் மேல எடுக்கும். வெள்ளையா, இல்லேன்னா வெளிர் ரோஸ் நிறத்தில் பிசுபிசுன்னு வரணும். இரண்டு நாளில் சிவப்பா வந்தது முடிச்சின் தோலில் ஒட்டியிருந்த மண் பாக்டீரியா.

முடிச்சை வெட்டும்போது இரண்டு பக்கமும் அரை சென்டிமீட்டர் வேரை விட்டு வெட்டணும். ஒட்ட வெட்டினா மருந்து உள்ளே இறங்கி, நமக்கு வேண்டியதையே கொன்னுடும். 95% ஆல்கஹாலில் 10 விநாடி, பிறகு 3% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் (பிளீச்) 3 நிமிஷம் (கொள்ளு முடிச்சு பொடிசு, அதுக்கு 2 நிமிஷம் போதும்), ஸ்டெரைல் தண்ணியில் 5, 6 அலசல். கடைசி அலசல் தண்ணியில் 0.1 மில்லி எடுத்துத் தனி பிளேட்டில் தடவி வைங்க. அதில் ஏதாவது முளைச்சா அந்த முடிச்சிலிருந்து வந்த எதையும் நம்பக்கூடாது.

ஓசூர் லேப்:
அண்ணா சொன்னதில் பாதிதான் ஒத்துக்க முடியுது. சிவப்புன்னு பார்த்ததும் தூக்கிப் போடக்கூடாது. வெளிச்சம் பட்ட பிளேட்டில் நல்ல ரைசோபியமும் சாயத்தை இழுக்கும், நாள்பட்டாலும் இழுக்கும். கறுப்புத் தாளில் சுத்தி இருட்டில் வைக்கிறது அதுக்குத்தான். காங்கோ ரெட் சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான். தீர்ப்பு சொல்ல கிராம் ஸ்டெயின் (பாக்டீரியாவுக்குச் சாயமேத்தி மைக்ராஸ்கோப்பில் வகை பார்க்கிறது) வேணும்: கிராம் நெகட்டிவ், குச்சி வடிவம், ஸ்போர் இருக்காது. புரோமோதைமால் புளூ (அமிலம், காரத்துக்கு நிறம் மாறும் சாயம்) போட்ட ஒய்இஎம் பிளேட்டில் வேகமா வளர்றது மஞ்சளாக்கும், மெதுவா வளர்றது நீலமாக்கும். கொள்ளுன்னு சொல்லி இரண்டு நாளில் மஞ்சளானா அப்போ சந்தேகப்படுங்க. அதையெல்லாம் தாண்டி, அதே பயிரை ஸ்டெரைல் மணலில் வளர்த்து, இந்தக் கல்ச்சரை ஊத்தி, முடிச்சு விழுதான்னு பார்க்காம ரைசோபியம்னு பேர் வைக்கிறது தப்பு.

ராகிமேடு (பாலக்கோடு):
கடலை முடிச்சு. ஊசியால் கீறினதும் உள்ளே ரத்தச் சிவப்பு, அதை மறக்கவே முடியாது. முடிச்சுக்கு அந்த நிறத்தைத் தர்ற புரதம், லெக்ஹீமோகுளோபின். அந்த நிறம் இருந்தாத்தான் எடுக்கணும். பச்சையோ பழுப்போ ஆயிட்டா முடிச்சு ஓய்ஞ்சுபோச்சு. பூக்கும் சமயம்தான் சரி. செடியைப் பிடுங்காதீங்க, நம்ம செம்மண் காய்ஞ்சிருந்தா முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்னுடும். சுத்தி மண்வெட்டியால் வெட்டி, கட்டியோட எடுத்துத் தண்ணியில் ஊற வைங்க.

பிளேட்_பாட்டம் (தர்மபுரி):
நான் பார்த்தது ஒரே வரி: நாலாவது பகுதியிலும் தனிக் காலனி இல்லை, சளி மாதிரி ஒரே பாய். யாரும் கேட்கல, ஆனா ஸ்ட்ரீக்கிங்கைப் பத்தி (லூப்னு சொல்ற கம்பி வளையத்தால் பிளேட்டில் பகுதி பகுதியா இழுத்துத் தனிக் காலனி பிரிக்கிறது) சொல்லியே ஆகணும். ரைசோபியம் பிசின் விடும், அந்தப் பிசினுக்குள்ள வேற பாக்டீரியா ஒளிஞ்சு வரும். ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் லூப்பைச் செந்தணலாக்கி, அகார் ஓரத்தில் தொட்டு ஆறவிட்டு, முந்தின பகுதியை இரண்டு மூணு தடவை மட்டும் உரசி இழுக்கணும். பிசின் ஒட்டின லூப்பை நேரா நெருப்பின் நடுவில் வைச்சா தெறிக்கும். ஓரத்துச் சூட்டில் காயவிட்டு மெதுவா உள்ளே கொண்டு போங்க. பிளேட் ஈரமா இருந்தாலும் காலனி ஓடிக் கலக்கும். அகாரை 45 முதல் 50 டிகிரிக்கு ஆறவிட்டு ஊத்துங்க, கவிழ்த்து வைங்க. கிடைச்ச தனிக் காலனியையும் இன்னும் இரண்டு மூணு தடவை புதுப் பிளேட்டில் இழுத்த பிறகுதான் ஸ்லான்ட்டுக்கு (சாய்வா உறையவிட்ட அகார் குழாய்) மாத்தணும்.

மீடியம் ஒரு லிட்டருக்கு: மானிட்டால் 10 கிராம், டைபொட்டாசியம் பாஸ்பேட் 0.5, மெக்னீசியம் சல்பேட் 0.2, உப்பு 0.1, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 0.5, அகார் 15, பிஎச் 6.8, 1% காங்கோ ரெட் 2.5 மில்லி. ஆட்டோகிளேவ் (ஆவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் கருவி) இல்லாம குக்கரில் வைக்கிறவங்க, ஆவி சீறிக்கிட்டு வந்த பிறகுதான் வெயிட் போடணும். உள்ளே காத்து மிஞ்சினா அழுத்தம் ஏறும், 121 டிகிரி ஏறாது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், அங்கே 15 பவுண்டு அழுத்தத்துக்கும் சூடு ஒன்றரை டிகிரி போலக் குறையும். வழக்கமா வைக்கிற 15 நிமிஷத்தை 20 ஆக்குங்க.

ஓசூர் லேப்:
உயரக் கணக்கு சரிதான் சார். ஆனா ஃபிளாஸ்க்கில் ஒரு லிட்டர் நிரப்பி வைச்சா எந்த ஊரிலும் 15 நிமிஷம் பத்தாது. 250 மில்லியாப் பிரிச்சு வைங்க.

கொள்ளுக்காடு:
இன்னொண்ணு. ஆல்கஹால் கிண்ணத்தைப் பர்னர்கிட்ட வைக்காதீங்க. பழைய முறைன்னு மெர்குரிக் குளோரைடும் வேண்டாம், அது கழுவினாலும் சாக்கடையில் பாதரசமாத்தான் நிக்கும். என்னன்னு தெரியாத காலனி வந்த பிளேட்டைத் திறந்து மோந்து பார்க்காம, டேப் ஒட்டி அப்படியே 121 டிகிரியில் 30 நிமிஷம் வைச்சுட்டுக் குப்பையில் போடுங்க. பிளீச் ஊத்தின பிளேட்டை மட்டும் ஆட்டோகிளேவில் ஏத்தாதீங்க, குளோரின் வாயு வரும்.